றங்குப் பெட்டிக்குள் ஒன்பது கான்கள்

என் கணவர் மங்கோலியர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர் என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். அவர் யாழ்ப்பாணத்து அரசர்களின் பழைய காசுகளைப் பற்றி எழுத விரும்பித்தான் சிட்னிக்கு விண்ணப்பம் போட்டார். இங்கிருந்த பேராசிரியர், காசு என்றால் எல்லாம் காசுதானே, என்னிடம் மங்கோலியக் காசு நிறையக் கிடக்கிறது, அதை எடுத்துக்கொள் என்று பதில் எழுதினார். உதவிப்பணம் கிடைத்தது. மங்கோலியரும் கிடைத்தார்கள்.

விஷயம் இதுதான். பதினாலாம் நூற்றாண்டில் வொல்கா ஆற்றங்கரையில் ஒரு மங்கோலியக் கானரசு இருந்தது. அங்கே ஒரு கட்டத்தில் அரியணைக்குச் சண்டை தொடங்கி இருபது வருடத்துக்கு ஓயவில்லை. அந்த இருபது வருடத்தில் இருபதுக்கு மேற்பட்ட கான்கள், அதாவது அரசர்கள். மகன் தகப்பனைக் கொன்றான், தம்பி அண்ணனைக் கொன்றான், கொன்றவனை வேறொருவன் வந்து கொன்றான். சிலர் சில மாதங்கள் இருந்தார்கள், சிலர் சில வாரங்கள். ஆனால் எவன் ஏறினாலும் முதல் வேலையாகத் தன் பெயரில் காசு அடித்துவிடுவான். அந்தக் காசுகளை வைத்து யாருக்குப் பின் யார் என்று கண்டுபிடிப்பதுதான் இவருடைய ஆராய்ச்சி. பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் வீட்டில் அவர்களுக்கு நம்பர் வைத்திருந்தோம். காலையில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே இவர் சொல்லுவார்:

“பதினோராம் ஆளைத் தம்பிதான் முடிச்சிருக்க வேணும்.”

“தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ,” என்பேன் நான்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டில், ஒரு அறையும் ஒரு குசினியுமாக நாங்கள் இருந்தோம். ஜூன் மாதத்துடன் உதவிப்பணம் முடிகிறது. அதற்குள் ஆய்வை ஒப்படைத்தால் ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தவணை கேட்டு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒப்படைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எனக்குத் திரும்ப விருப்பமில்லை. காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனாலும் செத்த வீட்டுக்குப் போனாலும் சனம் என் முகத்தைப் பார்ப்பதற்கு முதல் வயிற்றைப் பார்க்கும். மாமியார் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்து, அந்தக் கோயில்களின் பட்டியலை எனக்கு ஒப்புவிப்பார். சிட்னியில் பக்கத்து வீட்டுக் கிழவி வானிலையைப் பற்றிப் பேசுவாள், தன் பூனையைப் பற்றிப் பேசுவாள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அந்தச் சாத்திய கதவு எனக்குச் சொர்க்கமாக இருந்தது. ஆகவே வொல்காக் கரையில் எவன் எவனைக் கொன்றான் என்பது சரியான தேதியில் டைப் செய்யப்பட வேண்டும் என்பதில் என்னைவிட அக்கறை உள்ளவர் இந்த உலகத்தில் இருந்திருக்க முடியாது. டைப் செய்ததும் நான்தான்.

இனி சங்கத்துக்கு வருகிறேன். அப்போது சிட்னியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பதினாலு. பதினாலு குடும்பத்துக்கும் ஒரு சங்கம். தலைவர் ஒரு ரயில்வே எஞ்சினியர். எங்கள் எல்லோருக்கும் முதல் சிட்னியில் காலடி வைத்தவர் அவர் என்பதால் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். வருடா வருடம் யாராவது “அவரே இருக்கட்டும்” என்பார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள், அத்துடன் தேர்தல் முடிந்துவிடும். சங்கத்தின் குத்துவிளக்கும் பெரிய தேநீர்க் கேத்தலும் அவர் வீட்டில்தான் இருக்கும்.

அந்த வருடம் ஒரு பல் டொக்டர் தானும் தலைவராக வேண்டும் என்றார். அவர் பிந்தி வந்தவர், ஆனால் எஞ்சினியரைவிட எட்டு வயது மூத்தவர். முதலில் வந்தவனுக்கா உரிமை, வயதில் மூத்தவனுக்கா உரிமை என்று பதினாலு குடும்பமும் பிரிந்து நின்றது. என் கணவருக்குப் பரம சந்தோசம்.

“இது அப்பிடியே என்ர நாலாம் அதிகாரம். அங்கேயும் இதே பிரச்சினைதான்,” என்றார்.

“அங்க வெட்டிக்கொண்டவங்கள், இஞ்ச அப்பிடியில்லை,” என்றேன்.

“பொறும், பாப்பம்.”

நாகரிகமாகச் செய்ய வேண்டும் என்று ரகசிய வாக்கெடுப்பை முன்மொழிந்தவரும் இவர்தான். படித்தவர், எந்தப் பக்கமும் சாயாதவர் என்று இவரையே தேர்தல் அதிகாரியாக்கினார்கள்.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எஞ்சினியரின் மனைவி வந்தார். எங்கள் வீட்டில் நான் ஆய்வை அடித்துக்கொண்டிருந்த டைப்ரைட்டர் அவருடையது. இரவலாகத் தந்து ஒரு வருடமாகியும் ஒரு நாள் கேட்டதில்லை.

“பிள்ளை, உம்முடைய வோட் எங்களுக்குத்தானே?” என்று கேட்டார்.

“ஓம் அன்ரி, வேற ஆருக்கு?” என்றேன்.

இரண்டு நாள் கழித்து பல் டொக்டரின் மனைவி வந்தார். சனிக்கிழமை தோறும் என்னைத் தன் காரில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிப்போய் அரிசி மூட்டையோடு வீட்டு வாசலில் இறக்கிவிடுபவர் அவர். அவரும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு ஒருவருடைய முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. அந்த வியாதி எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

வாக்குச் சீட்டு வெட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது. புதுத் தாள் வெட்டினால் வீண் செலவு. பிழையாக டைப் செய்த பக்கங்கள் எங்கள் வீட்டில் ஒரு கட்டுக் கிடந்தன. பின்பக்கம் வெள்ளைதானே. மேசையில் இடப்பக்கம் நல்ல பிரதி, வலப்பக்கம் பிழைத்த பிரதி, இரண்டும் தூசி படாமல் குப்புறக் கிடக்கும். அன்று மேசையைத் துடைத்தபோது இரண்டு கட்டையும் தூக்கி இடம் மாற்றி வைத்திருக்கிறேன். அந்த நினைவே இல்லாமல் வலப்பக்கத்திலிருந்து ஏழு தாளை எடுத்து ஒவ்வொன்றையும் நாலாக வெட்டினேன். இருபத்தெட்டுச் சீட்டு வந்தது. வாக்காளர் இருபத்தேழு பேர்.

வாக்கெடுப்பு ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. சீட்டை நான்தான் பகிர்ந்தேன். எங்கள் ஆட்கள் எதைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள். சீட்டையும் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு நிமிடத்தில் மண்டபம் சத்தம் வைக்கத் தொடங்கியது. ஊரில் தமையனோடு காணி வழக்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு அங்கிள் எழுந்து நின்றார்.

“என்ர துண்டில ‘தமையனைத் தீர்த்துக்கட்டிவிட்டு அவன் சொத்தைக் கைப்பற்றினான்’ எண்டு இங்கிலிஷில அடிச்சுக் கிடக்கு. இது ஆரைக் குத்திக் காட்டுறது?”

எஞ்சினியருடைய சீட்டில் “இவருடைய ஆட்சி ஐந்து வாரங்களுக்கு மேல் நீடிக்கவில்லை” என்று இருந்ததாம். அவர் முகம் கறுத்துப்போய், “இதை ஆர் எழுதினது?” என்று கேட்டார். என் கணவர் முகமெல்லாம் பல்லாக, “நான்தான்!” என்றார். நாலு வருடத்தில் அவருடைய எழுத்தை இருபத்தேழு பேர் ஒரே நேரத்தில் வாசித்தது அன்றைக்குத்தான்.

ஒருவாறு சமாதானம் சொல்லி வாக்களிக்க வைத்தார். எல்லோருக்கும் கொடுத்தபின் என் கையில் இரண்டு சீட்டு இருந்தன. ஒன்று என்னுடையது, ஒன்று மிச்சம். எஞ்சினியரின் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் டொக்டரின் மனைவியும் சிரித்தார். நான் ஒரு சீட்டில் எஞ்சினியர் பெயரையும் மற்றதில் பல் டொக்டர் பெயரையும் எழுதி இரண்டையும் போட்டேன். கள்ள வாக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொடுத்த இரண்டு வாக்கையும் காப்பாற்றிவிட்டேன் என்று மனம் நிறைந்துபோய்க் கதிரையில் உட்கார்ந்தேன்.

எண்ணினார்கள். எஞ்சினியருக்குப் பதினாலு, பல் டொக்டருக்குப் பதினாலு. ஆட்கள் இருபத்தேழு. அப்போதுதான் நான் செய்த வேலை எனக்கே விளங்கியது. மற்றவர்கள் சரிபாதியாகப் போட்டிருக்கிறார்கள். என் ஒரு வாக்குத்தான் தலைவரைத் தீர்மானித்திருக்க வேண்டியது. வாயைத் திறக்காமல் இருந்தேன்.

இரண்டு பக்கமும் மற்றவனைக் கள்ளன் என்றது. கள்ளன் பிடிபடும்வரை ஒருவரும் சீட்டுகளில் கை வைக்காதபடி பூட்டிவைப்பது என்று முடிவாகியது. ஆளுக்கொரு பூட்டு. இரண்டு கொளுவி உள்ள பெட்டி தேடியபோது, நான் ஊரிலிருந்து உடுப்பு அடுக்கிக் கொண்டுவந்த தகர றங்குப் பெட்டி அகப்பட்டது. எல்லோருமாக எங்கள் வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, சீட்டுகள் இருந்த உறையை உள்ளே வைத்து, இரண்டு ஆமைப் பூட்டுகளையும் கொளுவினார்கள்.

“உள்ளுக்கை எங்கட குளிர் உடுப்பெல்லாம் கிடக்கு,” என்றேன்.

“ஒரு கிழமைதானே பிள்ளை,” என்றார் பல் டொக்டர்.

மறுநாள் காலை என் கணவர் ஆய்வைப் பக்க ஒழுங்கில் அடுக்க உட்கார்ந்தார். எண்பத்தெட்டாம் பக்கத்துக்குப் பிறகு தொண்ணூற்றாறு வந்தது. திரும்ப எண்ணினார். பிறகு பிழைத்த பிரதிக் கட்டைப் புரட்டினார். அதில் ஒரு தாளும் குறையவில்லை. என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

வெட்டுப்பட்டது நாலாம் அதிகாரம். ஒன்பதாம் ஆளிலிருந்து பதினேழாம் ஆள் வரை ஒன்பது கான்கள் யாருக்குப் பின் யார் என்று நிறுவுகிற பகுதி, ஆய்வின் உயிரே அதுதான். காபன் தாள் முடிந்துபோனதால் அதற்கு மட்டும் நகல் எடுக்கவில்லை. கையெழுத்துப் பிரதியை, டைப் செய்து முடித்ததென்று, மீன் செதிலைச் சுற்றி எறிந்துவிட்டேன். குறிப்பெடுத்த புத்தகங்கள் வெளிநாட்டு நூலகங்களில் இரவல் வாங்கியவை, திரும்பிப் போய்விட்டன. நான் டைப் செய்தேனே தவிர எனக்கும் நினைவில்லை. டைப் செய்யும்போது விரல்தான் வாசிக்கும், மண்டை என்ன கறி வைக்கலாம் என்று யோசிக்கும். அவர் திரும்ப எழுத முயன்றார். பன்னிரண்டாம் ஆள் செத்த பிறகு வந்து பதினோராம் ஆளைக் கொன்றான். அதோடு விட்டுவிட்டார்.

“பூட்டை உடையுங்கோ,” என்றேன்.

“நான் தேர்தல் அதிகாரி. என்னை நம்பித்தான் பெட்டியை இஞ்ச வைச்சவை.”

“அவையிட்டைப் போய்க் கேளுங்கோ.”

கேட்டார். எஞ்சினியர், ஆய்வு என்ற சாட்டில் கள்ள வாக்கை மறைக்கப் பார்க்கிறான் பல் டொக்டர் என்றார். பல் டொக்டரும் எஞ்சினியரைப் பற்றி அப்படியே சொன்னார். கள்ளன் பிடிபடாமல் பெட்டி திறக்கப்படாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. கள்ளன் அவர்கள் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை தோறும் இரண்டு அணியும் எங்கள் வீட்டுக்குப் பூட்டைப் பார்க்க வரும். ஆளாளுக்குத் தங்கள் பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள், பிறகு மற்றவனுடைய பூட்டையும் இழுத்துப் பார்ப்பார்கள். நான் பற்றீஸ் பொரித்து வைப்பேன். சிட்னியில் ஜூன்தான் குளிர்காலம், அந்த வருடம் குளிர் கொன்றது. நாங்கள் இருவரும் கம்பளிச் சட்டை இல்லாமல், ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு விருந்தாளிகளை வரவேற்றோம். மூன்று அடி தூரத்தில் என் சட்டையும் ஒன்பது கான்களும் என் ஆயுளும் பூட்டிக் கிடந்தன. இவர் என்னவோ நிம்மதியாகத்தான் இருந்தார். நன்றாகச் சாப்பிட்டார், குறட்டை விட்டுத் தூங்கினார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

சொல்லிவிடலாம் என்று நூறு தடவை வாயெடுத்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். பதினாலு குடும்பத்தில் இரண்டு நாக்கு உள்ளவள் என்று பெயர் எடுத்தால் போவதற்குப் பதினைந்தாவது வீடு கிடையாது. எந்த ஊர் வாயிலிருந்து தப்பி வந்தேனோ அதே வாயை இங்கேயும் நானே திறந்துவிட வேண்டும். கானரசிலும் அரியணை விவகாரத்தில் கை வைத்த ஒரு ராணி இருந்தாள். அவளையும் கடைசியில் கொன்றுவிட்டார்கள் என்று இவர் ஒருநாள் பாண் சாப்பிடும்போது சொல்லியிருந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை. ஒப்படைக்க ஒன்பது நாள்தான் இருந்தது. இரண்டு அணியும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பற்றீஸ் தின்றுகொண்டிருந்தார்கள். தட்டை வைத்துவிட்டு நான் சொன்னேன்:

“ரெண்டு சீட்டும் நான்தான் போட்டனான்.”

எஞ்சினியரின் மனைவி, “ரெண்டும் எங்களுக்கோ?” என்று கேட்டார். மனுசிக்கு அப்போதும் ஒரு நம்பிக்கை.

“இல்லை அன்ரி. உங்களுக்கு ஒண்டு, அவைக்கு ஒண்டு. ரெண்டு பேருக்கும் போடுறன் எண்டு சொன்னனான். அதான் போட்டனான்.”

பல் டொக்டரின் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் கொதித்தன. ஆனால் ஆண்கள் வேறு கணக்கில் இருந்தார்கள். பல் டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப பதின்மூண்டுக்குப் பதின்மூண்டு. இவவின்ர ஒரு வோட்தான் மிச்சம். சொல்லும் பிள்ளை, ஆருக்கு?”

“பெட்டியைத் திறவுங்கோ. பிறகு சொல்லுறன்,” என்றேன். அந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

இரண்டு பேருடைய சட்டைப் பையிலிருந்தும் திறப்பு வெளியே வந்து பூட்டுகள் கழன்றன. பெட்டி திறந்ததும் நான் முதலில் எடுத்தது என் கம்பளிச் சட்டையை. பிறகு உறையைக் கொட்டி, சீட்டுகளை டைப் செய்த பக்கம் மேலே வரத் தரையில் பரப்பினேன். எல்லோரும் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எஞ்சினியர் முழந்தாளிட்டு ஒரு துண்டை இன்னொரு துண்டோடு பொருத்தினார். பல் டொக்டரும் குனிந்தார்.

“இவன் ஆர் புதுசா வாறான்?”

“அவன் பதிமூண்டாம் ஆள்,” என்றார் என் கணவர்.

“முதல் இருந்தவனை ஏன் கலைச்சவங்கள்?” எஞ்சினியருக்குக் கோபம் வந்துவிட்டது. “அவன்தானே முதல் வந்தவன்!”

“இவன் வயதுக்கு மூத்தவன். மூத்தவன் இருக்கேக்க மற்றவன் எப்பிடி இருக்கலாம்?” என்றார் பல் டொக்டர்.

“மூத்தவனெண்டால்? ரெண்டு மாதத்தில அவனையும் முடிச்சிட்டாங்கள், இஞ்ச பாரும்!”

ஒரு மணித்தியாலம் சிட்னித் தமிழ்ச் சனத்தின் பாதி எங்கள் கம்பளத்தில் தவழ்ந்துகொண்டு, அறுநூறு வருடத்துக்கு முந்திய கொலைகளுக்கு நியாயம் கேட்டது. இருபத்தெட்டுத் துண்டும் பொருந்தின. ஒன்பது கான்களும் வரிசைக்கு வந்தார்கள்.

பிறகு என் வாக்கு. வாயால் சொல்லக்கூடாது, இது ரகசிய வாக்கெடுப்பு என்று எஞ்சினியர் பிடிவாதம் பிடித்தார். ஆகவே நான் எழுதும்போது எல்லோரும் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். பன்னிரண்டு முதுகுகள். தகுதி, வயது, முதலில் வந்தது ஒன்றையும் நான் பார்க்கவில்லை. ஏழு பக்கத்தைத் திரும்ப டைப் செய்ய வேண்டும், டைப்ரைட்டர் எஞ்சினியர் வீட்டுடையது. எஞ்சினியர் பெயரை எழுதினேன். என் கணவர் அந்த ஒரேயொரு சீட்டை முறைப்படி விரித்து, முறைப்படி எண்ணி, முடிவை அறிவித்தார்.

பல் டொக்டர் அடுத்த மாதமே இன்னொரு சங்கம் தொடங்கினார். ஏழு குடும்பம் அங்கே, ஏழு இங்கே. அவருடைய மனைவியின் கார் அதற்குப் பிறகு எங்கள் வாசலில் நிற்கவில்லை. அரிசியைப் பஸ்ஸில் தூக்கி வந்தேன். எஞ்சினியரின் மனைவி சிரிப்பார், ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். என்னைப் பற்றி இரண்டு சங்கத்திலும் ஒரே கதைதான் ஓடியது.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் போனபிறகு நானும் அவரும் தரையில் உட்கார்ந்து துண்டுகளை ஒட்டினோம். அவர் பசை தடவ, நான் பொருத்தினேன்.

“நீர் எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்,” என்றார்.

“நீங்கள் பூட்டை உடைச்சிருக்கலாம்.”

அவர் பசைக் குச்சியைத் தாளின் ஓரத்தில் துடைத்தார்.

“உடைச்சிருக்கலாம்தான். பூட்டிக் கிடந்தால் ஊருக்குப் போயிடலாம் எண்டு ஒரு எண்ணம் இருந்தது. பழைய பள்ளிக்கூடத்தில இடம் இருக்காம், எழுதியிருக்கினம். உமக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.”

பன்னிரண்டு பேருக்கு முன்னால் என் மானத்தைப் போட்டுடைத்து நான் மீட்டெடுத்ததை, அவர் தொலைந்துபோகட்டும் என்று காத்திருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. மூன்று வாரம் அவர் நன்றாகச் சாப்பிட்டது அதனால்தான்.

“இப்ப என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டேன்.

அவர் பசைக் குச்சியை மறுபடி எடுத்தார். “தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தைத் தாரும்,” என்றார்.

நான் டைப் செய்தேன். அவர் ஒப்படைத்தார். கல்லூரி வேலை கிடைத்தது, நாங்கள் தங்கிவிட்டோம். இத்தனை வருடத்தில் அவருக்கு இங்கே சந்தோசமா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்டால் அந்த மனுசன் உள்ளதைச் சொல்லிவிடுவார்.